பக்கத்துக் காணிப் பனையில் கட்டிய காற்றாடி

நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், ஆனி மாதம், கரவெட்டியில் என் வீட்டு வளவுக்குள் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்தில் கோழிக்குஞ்சு வேண்டுமென்றால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் எல்லாம் என் கைவேலை. பழுதாகி ஒதுக்கிய குளிர்சாதனப் பெட்டிகளை வாங்கி, உள்ளே மின்குமிழ் பூட்டி, சூடு கூடினால் அணையவும் குறைந்தால் எரியவும் நானே செய்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள்கூட வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கு மின்சாரம்தான் உயிர். அந்த வருடம் அது நினைத்த நேரம் போய் நினைத்த நேரம் வந்தது. ஜெனரேற்றருக்கு டீசல் கிடையாது. சூடு இறங்கினால் முட்டைக்குள்ளேயே குஞ்சு விறைத்துச் செத்துவிடும். இரண்டு தடவை பெட்டி நிறைய முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். இன்னொரு தடவை அப்படி நடந்தால் தொழிலை மூடவேண்டியதுதான்.

ஆனால் வெளியே தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காற்றும் சும்மா போகிறதே என்று யோசித்தேன். கொழும்பிலிருந்து மின்சாரம் எடுக்கிற சின்னக் காற்றாடி ஒன்றை எடுப்பித்தேன். தண்ணீர்க் குழாய்களை ஒட்டி, தென்னை உயரத்துக்குக் கம்பம் செய்தேன். நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி அதை நிறுத்த வேண்டும்.

வயரிங் வேலைக்கு வந்தவர் காற்று வரும் பக்கத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இந்தப் பக்கக் கம்பிதான் காத்தைத் தாங்கிறது. கிட்டக் கட்டினால் நிக்காது. வேலிக்கு அங்காலை நிக்கிற பனையிலை கட்டினால் அசையாது."

"உது அவன்ரை பனை."

"ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"கேக்கிறதோ? உந்தக் கதை வேண்டாம். வேலியிலை கட்டும்."

பக்கத்துக் காணிக்காரருக்கும் எனக்கும் அந்த வேலியால்தான் பகை. வேலி மரமாய் நட்ட கதியால்களை மாற்றும்போது நான் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டேன் என்பது அவர் கதை. தள்ளியது அவர்தான் என்பது என் கதை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் நன்மை தின்மைக்குப் போவதில்லை. அவருடைய மகளின் கல்யாண மேளம் கேட்ட அன்று, நான் வீட்டுக்குள் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருந்தவன்.

ஆகவே வேலியில் நின்ற தடித்த பூவரசங் கதியாலில் கம்பியைக் கட்டினோம். காற்றாடி ராசா மாதிரிச் சுற்றியது. மின்வெட்டு நேரத்திலும் என் பெட்டிகளில் வெளிச்சம். ஊரே பார்க்க வந்தது. வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று நான் உரத்துத்தான் விளக்கம் சொன்னேன்.

பிறகு ஒரு பின்னேரம். மின்சாரம் இல்லை. பெட்டிக்குள் முட்டைகள் பொரிக்கிற தறுவாய். காதை வைத்தால் உள்ளே கொத்துகிற சத்தம் கேட்கும். திடீரென்று காற்று எழும்பியது. வெளியே 'நெறுக்' என்று ஒரு சத்தம். ஓடிப் போனால், பூவரசங் கதியால் மண்ணைப் பிளந்துகொண்டு வேரோடு கிளம்புகிறது. கம்பம், பெட்டிகள் இருக்கிற முட்டைக் கொட்டில் பக்கமாய்ச் சாய்கிறது.

பாய்ந்து கம்பியைப் பிடித்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது. மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்.

"இஞ்சருங்கோ, விடுங்கோ! ஆளையும் கொண்டுபோகப் போகுது!"

விட்டால் கொட்டில் போச்சு. குஞ்சும் போச்சு. கை கிழிந்து இரத்தம் வழிந்தது. அப்போதுதான் வேலிக்கு மேலால் ஒரு கத்தி தெரிந்தது. பிடித்திருந்தவர் பக்கத்துக் காணிக்காரர். இவ்வளவு நாளும் காத்திருந்து இன்றைக்குத்தான் பழி தீர்க்க வருகிறார் என்றே நினைத்தேன்.

கத்தி விழுந்தது வேலியில். அந்த வருடம் அவர் தன் பங்குக்குப் புதிதாய் அடைத்த தென்னோலைக் கிடுகு வேலி. நாலு வெட்டில் அதைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். தோளில் மாட்டுக்கயிறு.

"அண்ணை, உங்கடை வீரத்தைப் பிறகு கதைப்பம். கால் ஊண்டி நில்லுங்கோ, விட்டிடாதேங்கோ!"

கயிற்றைக் கம்பியில் முடிந்தார். மறு தலைப்பைக் கொண்டோடித் தன் பனையைச் சுற்றி வளைத்து இழுத்தார். நானும் இழுத்தேன். கம்பம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு மண்ணில் இருந்தோம்.

"இவ்வளவு விளக்கமெல்லாம் சொன்னியள். ஒரு கம்பி கட்டத் தெரியேல்லையோ?"

"கட்டத் தெரியும். உம்மிட்டைக் கேக்கத்தான் தெரியேல்லை."

அவர் கிளம்பிக் கிடந்த கதியாலைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கதியால் ஆடுறதை நானும் ரண்டு மூண்டு நாளாய்ப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். சொல்ல மனம் வரேல்லை."

அடுத்த நாள் பெட்டி திறந்தபோது மஞ்சள் மஞ்சளாய்க் குஞ்சுகள் நிறைந்து கிடந்தன. ஒரு பனையோலைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு, வெட்டிய வேலி இடைவெளியாலேயே அவர் வீட்டுக்குப் போனேன்.

"எல்லாம் முட்டையிடாத சேவலாய்ப் பாத்து என்ரை தலையிலை தள்ளிவிட வந்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

இப்போது அந்தக் கயிற்றுக்குப் பதிலாக நல்ல இரும்புக் கம்பி. பனையை அறுக்காமல் இருக்கப் பழைய டயர்த் துண்டு சுற்றியிருக்கிறோம். அது அவர் போட்ட ஒரே நிபந்தனை. வேலியைத் திரும்ப அடைத்தபோது, கம்பி போகிற இடத்தில் ஒரு ஆள் நுழையக்கூடியதாய் வழி விட்டே அடைத்தோம். அந்த ஒரு முழ நிலம் யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை. அதைப் பற்றிக் கதைக்க இரண்டு பேருக்கும் இப்போது நேரமும் இல்லை.

என் வளவில் நிற்கிறதெல்லாம் நான் தனி ஆளாய் நிறுத்தியது என்று யாருக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். அந்தக் காற்றாடி மட்டும் இன்னொருவர் காணியில் கால் ஊன்றித்தான் நிற்கிறது என்பதையும் அதே நெஞ்சோடு, நன்றியோடு சொல்லுவேன்.