கடல் மண்ணுக்குக் கீழே

நான் கூலிக்கு மண் வெட்டுகிறவன். போன வருடம் மருதமுனைக் கடற்கரைக்குப் பின்னால், பழங்காலத்து ஆட்கள் குடியிருந்த இடத்தைத் தோண்டினார்கள். அங்கே எனக்கும் வேலை கிடைத்தது.

முதலில் உடைந்த சட்டிகளும் கரிந்த நெல்லும் மீன் முள்ளும் வந்தன. தோண்டலுக்குப் பொறுப்பான மிஸ், அந்த ஆட்கள் எங்கே அடுப்பு வைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லுவார்.

"மீன் ஆணத்துக்குப் புளி விட்டாங்களா எண்டும் கேளு மச்சான்," என்று கூட வேலை செய்த ஹனீபா சொல்ல, மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அவர் எங்களை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் வெள்ளைக் கடல் மண்ணுக்குக் கீழே ஒரு பிள்ளையின் எலும்புகள் வந்தன.

"அந்தக் காலத்திலயும் கடல் ஊருக்குள்ள வந்திருக்கு, காக்கா. பல்லைப் பாத்தா அஞ்சாறு வயசிருக்கும்," என்றார் மிஸ்.

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். சுனாமியில் போன என் மகளின் ஜனாஸா அடக்கம் செய்ய எனக்குக் கிடைக்கவேயில்லை.

"இந்தப் புள்ளைய அடக்கிருவமா, மிஸ்?"

"ஏலாது காக்கா. ஆராய்ச்சிக்குக் கொழும்புக்கு அனுப்பணும்."

"இதை ஆரும் தேடியிருப்பாங்களா?"

"அது மண்ணில தெரியாது, காக்கா."

எலும்புகள் வைத்த பெட்டியை நான்தான் தூக்கிப் போய் வாகனத்தில் வைத்தேன். பாரமே இல்லை. வாகனம் போய்விட்டது. அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தேடித்தான் இருப்பார்கள். எங்கே தோண்டுவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.