முதுகைக் காட்டிய அண்ணி

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே கிரிப்டோ சந்தை. ஜனங்கள் காயின் என்கிற கணினிக் காசை வாங்குவதும் விற்பதும் கைப்பேசியில்தான். ஆனால் எந்தக் காயினைச் சந்தைக்குள் விடலாம் என்று முடிவாவது மாடியிலிருந்த கண்ணாடி அறையில். முடிவு செய்கிற பங்காளிகள் மூன்றே பேர். மென்பொருள் எழுதுகிறவனைத் தாடி என்பார்கள். சட்டம் பார்க்கிறவர் வக்கீல். மூன்றாவது ஆள், புதுக் காயின்களைச் சோதித்துப் பார்க்கிறவள், முன்பு பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுத்தவள். அங்கே ஒட்டிக்கொண்ட 'டீச்சர்' இங்கேயும் விடவில்லை.

டீச்சர் போட்ட விதி ஒன்று இருந்தது. ஒரு காயினில் யாருக்காவது சொந்தமோ பந்தமோ இருந்தால், ஓட்டெடுக்கும்போது அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். முதலில் போனவன் தாடிதான். போனவன் சும்மா இருந்தானா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டான், கண்ணைக் கசக்கினான், தாடியை நீவிக்கொண்டு கெஞ்சினான். வக்கீல் சிரித்துச் சிரித்தே கையைத் தூக்கிவிட்டார். அன்றைக்கே டீச்சர் விதியில் ஒரு வரி சேர்த்தாள்: வெளியே போகிறவர் நடைவழி நாற்காலியில், அறைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் ஆடும்.

அந்த வரி தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவள் நினைக்கவில்லை.

அவளுடைய கொழுந்தன் ஒரு காயின் செய்து, அதைச் சந்தைக்குள் விடச் சொல்லி மனு போட்டிருந்தான். கணவருக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் கடல். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அண்ணி படித்து வேலைக்குப் போகட்டும் என்று தன் வேலையை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டவன் இந்தக் கொழுந்தன். பகலெல்லாம் குழந்தை அவன் தோளில்தான். அவள் வளர்ந்த பிறகு தலைவாரிவிட்டதும் அவன்தான். அவன் பின்னிவிட்டால் ஒரு ஜடை கிழக்கே பார்க்கும், இன்னொன்று மேற்கே பார்க்கும்.

"அண்ணி, இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல," என்றான்.

"அப்பப்ப கேட்டிருக்கக் கூடாதா? இப்படி மொத்தமா வந்து கேக்கறியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் செய்ததற்கு இதுவரை ஒரு நன்றி கூடச் சொன்னதில்லை. வீட்டு மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

அதற்குள் விஷயம் சந்தையின் பயனர் குழுவில் கசிந்துவிட்டது. காயினுக்கு 'அண்ணி காயின்' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

"சொந்தக் கொழுந்தனுக்கே கதவத் தொறக்கலன்னா, நமக்கு என்ன செஞ்சு கிழிக்கப் போறாங்க?" என்று ஒருவர்.

"தொறக்கட்டும், அப்புறம் இருக்கு கச்சேரி," என்று இன்னொருவர்.

எப்படிப் பார்த்தாலும் ஏச்சுதான். டீச்சர் ஒளிக்காமல் எழுதினாள்: "ஆமா, அவர் என் கொழுந்தன். சோதனையை வெளியாள் ஒருத்தர் செய்யறாரு. நான் ஓட்டுப் போட மாட்டேன்."

ஓட்டெடுத்த அன்று ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், தாடி கையைத் தூக்கிவிடுவான். எதிரே இருந்த தண்ணீர்க் கேனில் அறை வளைந்து தெரிந்தது. கைகள் மேலே போகின்றனவா என்று கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் கோணல் ஜடை இரண்டும் ஆடின.

கதவு திறந்தது. "உள்ள வாங்க டீச்சர்," என்றார் வக்கீல். "இப்ப வேண்டாம்னு முடிவு. எப்ப வேணா புதுசா காயின் அடிச்சுக்கற அதிகாரத்த உங்க கொழுந்தன் தன் கையிலயே வெச்சிருக்காரு. அடிச்சுத் தள்ளினா வாங்கினவன் கையில இருக்கறது செல்லாக்காசு."

தாடி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க ஒரு தடவ திரும்பியிருந்தீங்கன்னா..."

"தெரியும். அதனாலதான் திரும்பல."

குழுவில் 'அண்ணி முதுகைக் காட்டிட்டாங்க' என்று ஒரே கேலி. அதையெல்லாம் அவள் தட்டிவிட்டாள். கொழுந்தன் வீட்டுப் பக்கமே வராததைத் தட்டிவிட முடியவில்லை. "சித்தப்பாவோட சண்டையாம்மா?" என்று மகள் கேட்டபோது, அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான், கக்கத்தில் ஒரு பொட்டலத்தோடு.

"அந்த அதிகாரத்த அழிச்சுட்டேன் அண்ணி. இனி நானே நெனச்சாலும் ஒரு காயின் கூட அடிக்க முடியாது."

"எதுக்குடா வெச்சிருந்தே அத?"

"கெட்ட எண்ணமில்ல. ஒரு அவசரத்துக்கு ஆகுமேன்னுதான்."

"யாரோட அவசரம்?"

காதைச் சொறிந்தான். "என்னோடதுதான். ரெண்டு வாரம் உங்க மேல கோவமா இருந்தேன். அப்புறம் ஒரு நாள் உறைச்சுது. எனக்கு அவசரம் வந்து, நான் அடிச்சுத் தள்ளி, எல்லாம் கவிழ்ந்திருந்தா, ஊர் என்னையா ஏசும்? 'அண்ணி காயின்'னு உங்களத்தான் ஏசியிருக்கும். நல்லவேளை, நீங்க திரும்பல."

பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு திண்டு, அவனே தைத்தது.

"மறுபடியும் மனு போடப் போறேன். நீங்க மறுபடியும் வெளிய உட்காரணும் இல்ல? அந்த நாற்காலி ஆடுதுன்னு தாடி சொன்னாரு. அதோட கால நான் வந்து சரி பண்றேன். அதுவரைக்கும் இது."

இத்தனை வருஷமாக வராத அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. திண்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "பஞ்செல்லாம் ஒரே பக்கமா இருக்கே," என்றாள்.

"நான் போட்ட ஜடை மட்டும் எப்படி இருந்துச்சாம்?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் டீச்சர். "எல்லாமே நல்லா இருந்துச்சு. நன்றிப்பா."

அவன் மறுபடியும் காதைச் சொறிந்தான்.