கை ஊன்றாமல் எழுந்த அம்மா

என் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தோம். கலசநீர் ஊற்றி முடித்ததும் மணையிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. மருமகன் ஒரு கையையும் அவருடைய அம்மா மறு கையையும் பிடித்து, ஈரப் புடவையோடு என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ அதையும் செல்போனில் படம் பிடித்தார்கள்.

புடவை மாற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பிராகாரத்துப் படி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் எண்பதாம் கல்யாணம் நடத்திக்கொண்டிருந்த குடும்பத்து அம்மா வந்து அருகில் உட்கார்ந்தார். சின்ன உருவம், லேசாக வளைந்த முதுகு.

"வெட்கப்படாதீங்கம்மா. எங்க அறுபதுக்கு என்னை நாலு பேர் தூக்குனாங்க. எலும்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அதுலேர்ந்து வீட்லயே தினமும் நாற்காலில உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கிறேன். ரெண்டு கையிலயும் தண்ணி பாட்டிலைத் தூக்கி இறக்குறேன்."

"வீட்ல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். 'என்னைத் தூக்கி விடுங்க'ன்னு கேக்கறதுதாம்மா எனக்குக் கூச்சம்."

அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து போனார்.

நாலு பேர் தூக்கியது நிஜமா, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலுக்குச் சொன்னதா, இன்றுவரை தெரியவில்லை. நானும் இப்போது தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன், பாட்டில் தூக்குகிறேன். ஆனால் அந்த அம்மாவின் துணிச்சல் எனக்கு வரவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன்.