பவானி தள்ளிவிட்ட கரடி

இன்னைக்கு எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல...

(ரூம்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். போன வருஷம் வரைக்கும் உடைஞ்ச பெஞ்சு அடுக்கி வச்சிருந்த இடம்.)

பெங்களூரு ஸ்ரீராம்புரத்துல நாலாங்கிளாஸ் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு எடுக்குற டீச்சர் நான். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒண்ணு மூணு கம்ப்யூட்டரும், பின்னம் சொல்லித்தர ஒரு கேமும் குடுத்திருந்தாங்க. பசங்க தேறினா மெஷின் எங்களுக்கு. தேறலைன்னா வேற ஸ்கூலுக்கு.

அதைப் பார்க்கத்தான் கம்பெனியில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க.

கேம் சிம்பிள். ஒரு கரடி ஓடையைத் தாண்டணும். ஓடையோட அகலத்துக்குச் சமமான பலகையை எடுத்துப் போடணும். சரின்னா 'டிங்'னு ஒரு சத்தம், ஒரு ஸ்டார். அவ்வளவுதான்.

தப்புன்னா கரடி சேத்துல விழும். எழுந்து, டவுசரைப் பிழிஞ்சுக்கிட்டு, நம்மளை முறைக்கும். பலகை எவ்வளவு சின்னதோ, விழுறது அவ்வளவு பிரமாதமா இருக்கும்.

(அந்த முறைப்பு அப்படியே எங்க ஹெச்.எம். சார்தான். பசங்க சொன்னது, நான் சொல்லலை.)

நான் தந்திரமா பவானியை முன்னாடி உட்கார வச்சேன். போர்டுல நான் தப்புப் போட்டாலே பிடிக்கிற பொண்ணு.

முதல் ஓடை அரை மீட்டர். இருந்த பலகைங்க, நாலுல ரெண்டு, எட்டுல மூணு, எட்டுல ஒண்ணு.

பவானி எட்டுல ஒண்ணை எடுத்துப் போட்டா.

கரடி விழுந்துச்சு. கிளாஸே உருண்டு சிரிச்சுது. வந்தவங்க ரெண்டு பேரும் சிரிக்கலை.

கை தவறியிருக்கும்னு நினைச்சேன். அடுத்த ஓடையிலயும் இருக்குறதுலயே குட்டிப் பலகை. இருமிப் பார்த்தேன். அவ திரும்பி, "இருங்க மிஸ், அடுத்தது இன்னும் நல்லாருக்கும்"ங்கிறா.

ஹெச்.எம். என் காதுகிட்ட வந்து "ஏனு மிஸ் இது?"ன்னு கன்னடத்துல பல்லைக் கடிச்சார். (நிஜமாவே அதே முறைப்பு.)

கடைசி ஓடை வரைக்கும் கரடி சேத்துலயேதான் கிடந்துச்சு.

குனிஞ்சு கேட்டேன். "ஏன்டி, உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மிஸ். சரியாப் போட்டா வெறும் ஸ்டார்தானே வரும்? நம்மளைப் பார்க்க வந்திருக்காங்க, நல்லதைக் காட்டலாம்னுதான்."

கம்பெனி மேடம் சென்னைக்காரங்க. அவங்க பின்னாடியே ஓடினேன். "மேடம், ஒவ்வொரு தடவையும் இருக்குறதுலயே சின்ன பின்னமா பார்த்து எடுத்திருக்கா. பின்னம் தெரியாத குழந்தைக்கு இது வருமா?"

"புரியுதுங்க மிஸ். ஆனா மெஷின்ல சைபர்னு வந்திருக்கே. நான் என்னன்னு எழுதுறது?"

நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க. திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும். பசங்ககிட்ட இன்னும் சொல்லலை. இனி பின்னத்துக்குப் பழையபடி நானும் சாக்பீஸும் வட்டமும்தான். எனக்கு வட்டம் வேற ஒழுங்கா வராது.

சாயங்காலம் பெல் அடிச்சப்புறமும் பவானி போகலை. வாசல்லயே நின்னா.

"மிஸ், அவங்க ஏன் சிரிக்கவே இல்லை?"

வாய்ல வந்ததைச் சொன்னேன். "பல்வலியாம்டி."

பையை மாட்டிக்கிட்டு ரெண்டு அடி போனவ திரும்பினா.

"ரெண்டு பேருக்குமா மிஸ்?"