வெண்கலக் காசும் மச்சானும்

பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோமானியக் காசுதான். பேரரசு தளர்ந்துபோன காலத்துச் சின்ன வெண்கலக் காசுகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மண்ணோடு பொட்டலமாக வாங்கி, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பட்டறை ஊசியால் அழுக்கை நெம்பி, எந்த அரசன் என்று கண்டுபிடிப்பார். கூட உட்காருகிறவர் மனைவியின் அண்ணன், கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். தேய்ந்த எழுத்தை மிச்சமிருக்கும் வளைவை வைத்தே சொல்லிவிடுவார்.

"எங்கண்ணன் பொண்ணு பார்க்கப் போனப்பகூட இப்படி உத்துப் பார்க்கல" என்று மனைவி சிரிப்பாள்.

ஒருநாள் அந்தக் காசு அகப்பட்டது. ஒரு பக்கம், குதிரையிலிருந்து விழுந்தவனை வீரன் ஈட்டியால் குத்துகிறான். மறுபக்கம் ஒரு தலை, கான்ஸ்டான்டியஸ் என்ற பெயர். அந்தப் பெயரில் இருவர்: ஒருவர் பேரரசர், இன்னொருவர் கால்லஸ், அவருடைய சித்தப்பா மகன். துணையரசராக்கிய பேரரசரே பிறகு அவரைத் தீர்த்துக்கட்டினார். மற்ற எழுத்துகள் தேய்ந்திருந்தால் தலையைத்தான் பார்க்க வேண்டும். பேரரசருக்குத் தலையைச் சுற்றிக் கட்டிய முத்துப்பட்டை இருக்கும், கால்லஸுக்கு வெறுந்தலை.

இவர் நெடுநாளாக ஏங்கியது கால்லஸுக்கு. பார்த்ததுமே வெறுந்தலை என்றார். மைத்துனர் லென்ஸை வாங்கிப் பார்த்து, பிடரியில் வால்போலத் தொங்குவது பட்டையின் முடிச்சு என்றார். இல்லை, மண் என்றார் இவர். பேச்சு தடித்தது.

மைத்துனர் தேநீர் எடுத்துவர உள்ளே போனதும் இவர் ஊசியை எடுத்தார். முதல் நெம்பலிலேயே தெரிந்துவிட்டது. மண்ணென்றால் உதிரும். இது காசோடு ஒட்டிய பச்சைக் களிம்பாகப் பெயர்ந்தது. அடியில் வெற்று உலோகம் பளிச்சிட்டது. அதோடு விட்டிருக்கலாம். கை நிற்கவில்லை. முடிச்சு போனது, பட்டையும் போனது.

"இப்பப் பாருங்க மச்சான். வெறும் மண்ணு."

மைத்துனர் பார்த்தார். லென்ஸைத் துடைத்து மேசைமேல் வைத்தார். "நீங்க சொன்னா சரி மாப்ளே" என்றார்.

அடுத்த ஞாயிறு வேலை அதிகம் என்றார். பிறகு கண் சரியில்லை என்றார். அப்புறம் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார். என்ன சண்டை என்று மனைவி துருவித் துருவிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றே இவர் சாதித்தார். கால்லஸ் என்று சீட்டு எழுதி வைத்த காசை யாருக்கும் காட்ட மனம் வரவில்லை. மற்றக் காசுகளையும் தனியாகவே படித்தார். தப்பென்று சொல்ல ஆளில்லாததால் சரியென்பதிலும் சுவை போய்விட்டது.

கைநடுக்கம் வந்து மைத்துனர் தொழிலை விட்டுவிட்டார் என்று பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டபோதுதான் இவர் அவர் வீட்டுக்குத் துணிந்து போனார்.

"மச்சான், அன்னிக்கு அந்தக் காசுல பட்டை இருந்துச்சு. நான்தான் சுரண்டிட்டேன்."

"தெரியும். ஊசி நுனியில பச்சைத் தூள் ஒட்டியிருந்துச்சே" என்றார் மைத்துனர். "காசு போனா போகுது. என்கிட்டயே மண்ணுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் உங்ககூட உக்காந்து எதைப் பார்த்தாலும் நம்பத் தோணியிருக்காது."

இவர் ஞாயிறு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மைத்துனர் வந்தார். ஆனால் கையில் லென்ஸ் நிற்கவில்லை. இவர் பிடித்துக் காட்டியும் எழுத்து பிடிபடவில்லை. போதும் மாப்ளே என்று எழுந்து தங்கையிடம் பேசப் போய்விட்டார். சமையலறையில் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எழுந்து போய்க் கலந்துகொள்ள இவருக்குக் கூச்சமாக இருந்தது.