பலாவை வெட்டப் பயந்த ரஹேல்

கோவை கணபதிப் பகுதியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை நடத்தி வந்தாள் ரஹேல். கொச்சியில் பிறந்த யூதப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோவைதான் ஊர். கணவர் காலமான பிறகு பட்டறை அவள் கைக்கு வந்தது. எதையும், முக்கியமாகக் காய்க்கும் மரத்தை, வீணாக அழிக்கக்கூடாது என்பது அவர்கள் வேதத்தின் கட்டளை. பார்சல் வரும் அட்டைப்பெட்டியைக்கூட அவள் குப்பையில் போட மாட்டாள்.

பட்டறைக் கூரையின்மேல் ஒரு பலாமரம் சாய்ந்து நின்றது. ஆனி மாதக் காற்றில் அதன் அடிமரம் விரிசல் விட்டது.

“ஏனுங்கம்மா, இதைய வெட்டிப்போடலாமுங்க. எந்நேரம் உழுகும்னு சொல்ல முடியாதுங்க” என்றான் அவளிடம் வேலை செய்யும் கதிர்வேல்.

“காய் நிக்குது கண்ணு. பொறு, பாக்கலாம்.”

காரணம் காய் மட்டுமல்ல. பழங்காலத்து யூத குரு ஒருவருடைய மகன், காலம் வருமுன் ஓர் அத்திமரத்தை வெட்டியதால்தான் மாண்டான் என்று சின்ன வயதில் கேட்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் ஷிமோன் இஸ்ரேலில் இருந்தான். சைரன் ஊதினால் மனைவி மக்களோடு பதுங்கறைக்கு ஓட வேண்டிய ஊர். பலா அவன் பள்ளிக்கூடம் போகையில் நட்டது. தான் வெட்டினால் அடி அங்கே விழுந்துவிடுமோ?

ஒரு மத்தியானம் காற்று பலமாக அடித்தது. படாரென்று பெருங்கிளை முறிந்து கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கதிர்வேல் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூல் நொறுங்கிக் கிடந்தது.

ரஹேல் ஓடி வந்து ஸ்டூலைப் பார்த்தாள். தன் பிள்ளைக்காகப் பயந்து, இன்னொருத்தி பிள்ளையை அந்த மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறோம்!

“மரம் வெட்டற ஆளுங்களைக் கூப்புடு கண்ணு. இன்னைக்கே” என்றாள்.

ரம்பச் சத்தம் கேட்கக் கேட்க ஷிமோனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மரம் சாய்ந்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பொரியலுக்கென்று தெருவில் கொடுத்தாள். கட்டைகளைத் தச்சரிடம் அனுப்பினாள். கை வேலை செய்தது. காது போனிலேயே இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகுதான் மணி அடித்தது.

“அம்மா, பதுங்கறைல இருந்தோம். அங்க சிக்னல் கெடைக்கல.”

“பலாவை வெட்டிப்போட்டேன் சாமி” என்று மகனிடம் அழுதாள்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “உசுருக்கு ஆபத்துன்னா வெட்டலாம்னு நம்ம சட்டமே சொல்லுதும்மா. முன்னாடியே வெட்டியிருக்கோணும்.”

அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை. அவன் பேசும்போதே பின்னால் மறுபடி சைரன் கேட்டது, இணைப்பு அறுந்தது. வெட்டவெளியாகிவிட்ட முற்றத்தில் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவன் திரும்பக் கூப்பிடும்வரை அங்கிருந்து அசையவில்லை.