மேலே மாமா, கீழே மச்சான்

சவாரிக் கிளப்பில் எல்லோரும் அவரை மண்ணாங்கட்டியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அதைத் திட்டு என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் காலையில் திடலின் மணலை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். விரலைத் திறந்தால் கட்டி உடையாமல் நிற்க வேண்டும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வடியக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, வடிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டே இருந்த குதிரைக்காரன் ஒருவன் வைத்த பெயர் அது. வயதுக்கு மரியாதையாக ஒரு 'யார்' சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அவர் வேலை குதிரை ஓடும் மணலைப் பார்த்துக்கொள்வது. சின்ன டிராக்டரின் பின்னால் பல் வைத்த இரும்புச் சட்டத்தைக் கட்டி இழுத்து, இறுகிய மணலைக் கிளறிச் சமன் செய்வார். பரம்படிப்பது என்பார் அதை. இன்று நீளவாக்கில் அடித்தால் நாளை குறுக்குவாக்கில் அடிக்க வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் மணல் மொத்தமும் மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பல் ஆழமாகவும் இறங்கக் கூடாது. மணலுக்குக் கீழே முரட்டுத் துணி, துணிக்குக் கீழே உருளை போட்டு இறுக்கிய ஜல்லி. துணி கிழிந்து ஒரு கல் மேலே வந்துவிட்டால் போதும், ஒரு நல்ல குதிரையின் கால் போய்விடும்.

இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. குதிரை வரும்போது அவர் திடலில் இருக்கக் கூடாது. அவர் இருக்கும்போது குதிரை வரக் கூடாது. எல்லோரும் வருவதற்கு முன் முடித்துவிட்டு ஒதுங்க வேண்டும், எல்லோரும் போன பிறகு திரும்பி வர வேண்டும். மணல் நன்றாக இருந்தால் குதிரையைப் பாராட்டுவார்கள், கெட்டால் இவரைத் திட்டுவார்கள். அதனால் யாரும் தன்னிடம் பேசாத நாளை நல்ல நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். பழக்கம்தான், பிடித்துப்போய் அல்ல.

வீடு என்பது லாயத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை. ஒன்றில் சமைத்தார், ஒன்றில் படுத்தார். படுக்கும்போதும் கட்டிலின் ஒரு ஓரத்தில்தான் படுத்தார். மற்ற பாதியில் துவைத்த துணிகள் மடிக்காமல் கிடக்கும். பேச்சுச் சத்தம் வேண்டும் என்பதற்காக டிவியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். டிராக்டரோடு பேசுவதும் உண்டு. "என்னம்மா, இன்னிக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பார். பார்க்க யார் இருந்தார்கள்?

மனைவி இருந்தவரை இப்படி இல்லை. குழந்தை இல்லை என்ற குறையைத் தெரியவிடாத அளவுக்கு அவள் பேசுவாள். அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அவனுக்குத் தொழில் நிலத்தடிக் குழாய் பதிப்பது. இந்தத் திடலைக் கட்டியபோது, தண்ணீர் வடிய மணலுக்கு அடியில் துளை போட்ட குழாய்களைப் பதித்தது அவன்தான். அதன்மேல் ஜல்லியும் துணியும் மணலும் பரப்பியது இவர். ஒரு பருவம் முழுக்க இருவரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள், ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாத நாள் இல்லை. "மேலே மாமா, கீழே மச்சான். நடுவுல நான் துணி மாதிரி கிடந்து ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கணும், இல்லேன்னா அடிச்சுக்குவீங்க" என்பாள் அவள்.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. திடல் வேலை முடிந்து, திறப்பு விழாப் போட்டியும் முடிந்த வாரத்தில் வயிற்று வலி என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார்கள். சில வாரங்களில் போய்விட்டாள். அவளைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த அன்று, வாசலில் அத்தனை பேர் நிற்கையில் மச்சினன் சொன்னான்: "மண்ணைப் பாத்த அளவுக்கு எங்கக்காவை நீங்க பாக்கல, மாமா."

இவர் என்ன சொல்வது, அவன் சொன்னது உண்மை என்று இவரே நினைத்துக்கொண்டிருக்கும்போது? அன்று போனவன்தான். மூன்று வருஷமாக ஒரு பேச்சில்லை, ஒரு போன் இல்லை. வருஷம் போகப் போக இவருக்குத் தாங்க முடியாமல் போனது அந்தச் சொல் அல்ல. அவள் சிரித்தால் எப்படி இருக்கும், கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் அவள் வாழ்ந்தாள் என்பதற்கே இவரைத் தவிரச் சாட்சி இல்லை.

கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று சொல்லக்கூடிய மனிதர்கள் வேறு. இவருக்கு எதையும் ஒரு வேலையாகத்தான் சொல்லத் தெரியும். நம்மில் பாதி ஆண்கள் இப்படித்தான், வேலை என்றால் பக்கத்துக் கிரகத்துக்கும் போய் ஆள் கூட்டி வருவார்கள், பாசம் என்றால் பக்கத்துத் தெருவுக்குப் போகக் கால் வராது.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். மழை வரும் என்று தெரிந்த ஒரு காலையில், திடலின் தாழ்ந்த பக்கத்துச் சரிவில் குழாயின் வாய் திறக்கும் இடத்துக்குப் போனார். ஒரு பழைய தீவனச் சாக்கைச் சுருட்டி, மண்வெட்டிப் பிடியால் உள்ளே தள்ளி அடைத்தார். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதேதான்.

மழை வந்தது, போனது. திடலின் மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. பயிற்சி கொடுக்கும் அம்மா மறுநாள் காலையில் வந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"என்னங்க இது? நம்ம திடல்ல தண்ணி நின்னு நான் பாத்ததே இல்லையே?"

"கீழ குழாய்ல அடைப்பு இருக்கும்மா. பதிச்சவனைத்தான் கூப்பிடணும். வேற ஆளுங்க தோண்டினா அடித்தளம் போயிடும்."

"அப்ப கூப்பிடுங்க, எதுக்கு நிக்கிறீங்க?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்ததுபோல வீட்டுக்கு வேகமாக நடந்தார். போனை எடுத்து அவன் எண்ணைத் தொட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. கடைசியில் குரல் பதிவாக அனுப்பினார்: "திடல்ல தண்ணி நிக்குது. குழாய் எப்படிப் போகுதுன்னு உனக்குத்தான் தெரியும். ஒரு நடை வந்து பாத்துட்டுப் போ." அனுப்பிவிட்டு அதைத் தானே திரும்பக் கேட்டார். யாரோ அதிகாரி உத்தரவு போடுவதுபோல இருந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பயிற்சியாளரம்மா அந்த மூலையைக் கயிறு கட்டித் தடுத்துவிட்டு மற்ற பக்கத்தில் குதிரைகளை ஓட்டினார். மண்ணாங்கட்டியார் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடித்த புளி மாதிரி டிராக்டர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். நின்ற தண்ணீர் கீழே ஜல்லியை ஊறவைத்துக்கொண்டிருக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இன்னும் சில நாள் நின்றால் தளம் இளகிவிடும், எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். இன்று ஒரு நாள் பார்ப்போம் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை திரும்பும்போது விலகி வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் மணல் கஞ்சியாகத்தான் இருந்திருக்கிறது, மேலே பார்த்தால் தெரியவில்லை. முன்னங்கால் வழுக்கி, முட்டி மண்ணில் பட்டது. மேலே இருந்த பெண் கழுத்தைக் கட்டிக்கொண்டு எப்படியோ தப்பித்தாள். குதிரை எழுந்து நின்று உடம்பை உதறியது. பயிற்சியாளரம்மா அதன் காலை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்து, "ஒண்ணும் ஆகல, நல்ல வேளை" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "உங்க ஆளு வருவாரா மாட்டாரா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றார் இவர். பொய் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரும் போனதும் நேராகச் சரிவுக்குப் போய் கையை முழங்கைவரை உள்ளே விட்டுச் சாக்கைப் பிடுங்கினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து சட்டையெல்லாம் நனைத்தது. அப்படியே அங்கே உட்கார்ந்து அது வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். அவனைக் கூப்பிட இருந்த ஒரே சாக்கும் தண்ணீரோடு போகிறதே என்ற துக்கம் இன்னொரு பக்கம். அழுதார். சத்தம் போட்டுத்தான் அழுதார், கேட்கத்தான் ஆள் இல்லையே. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். விரல் போகவில்லை. வைத்துவிட்டார்.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. அடைப்பெடுக்கும் கம்பிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மச்சினன் இறங்கினான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அக்காவுக்கு இருந்த அதே அகலமான நெற்றி. மண்ணாங்கட்டியார் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க நிக்குது?" என்று கேட்டான்.

"நின்னுச்சு."

அவன் திடலைப் பார்த்தான். குறுக்குவாக்கில் புதிதாகப் பரம்படித்து, மூலையும் சமமாகத்தான் இருந்தது. சரிவுக்கு இறங்கினான். இவரும் பின்னாலேயே போனார். குழாயின் வாய் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் சாக்கு, குழாயின் உருண்டை வடிவம் மாறாமல் கிடந்தது. அவன் அதைக் காலால் புரட்டினான்.

"இது தானா நடந்து வந்து உள்ள போயி உக்காந்துச்சா, மாமா?"

"நான்தான் வெச்சேன்."

"நீங்களா?"

"பேச ஆளில்ல மச்சான். சும்மா வான்னு கூப்பிட்டா நீ வருவியா? அதான் வெச்சேன். நேத்து ஒரு குதிரை வழுக்கிடுச்சு, எடுத்துட்டேன். இப்ப வேலை ஒண்ணும் இல்ல. நீ போறதுன்னா போகலாம்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். வாழ்க்கையில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மச்சினன் போகவில்லை. கம்பிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்தான்.

"நான் பதிச்ச குழாய் அடைக்காது. நீங்க பேசி அனுப்பினதைக் கேட்டப்பவே எனக்குத் தெரியும், இதுல வேற என்னமோ இருக்குன்னு. வரலாமா வேணாமான்னு ரெண்டு நாளா வண்டியை வெளிய எடுக்கிறதும் உள்ள வைக்கிறதுமா இருந்தேன்."

"உன் கோபம் நியாயந்தான். அன்னிக்கு நீ சொன்னது சரிதான். நான் மண்ணைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"சரியில்ல மாமா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரியில்லன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கோபம்லாம் ஒண்ணுமில்ல. உங்க மூஞ்சில முழிக்க முடியாமத்தான் இத்தனை வருஷம் வரல."

இவருக்குப் புரியவில்லை. அவன் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நாம இங்க வேலை பாத்துக்கிட்டிருந்தப்பவே அக்காவுக்கு வலி இருந்துச்சு. எங்கிட்ட சொன்னா. 'அவர்கிட்ட சொல்லிடாதடா, பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவாரு. திடல் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்'னு சத்தியம் வாங்கினா. நானும் சாதாரண வலின்னு நெனச்சேன். தெனம் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லல. அவ போனதும் எல்லாரும் 'ஏன் பாக்கல, ஏன் பாக்கல'ன்னு கேட்டாங்க. எங்க என்னைக் கேட்டுடுவாங்களோன்னு பயந்து, முந்திக்கிட்டு உங்க மேல போட்டுட்டேன்."

மண்ணாங்கட்டியார் எழுந்துவிட்டார். காதுக்குள் குப்பென்று சூடேறியது. மூன்று வருஷம். கட்டிலின் ஓரத்தில் படுத்துக்கொண்டு, தன்னையே குற்றவாளியாக நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட மூன்று வருஷம். கீழே கிடந்த இரும்புக் கம்பியைப் பார்த்தார், அவன் குனிந்த தலையைப் பார்த்தார். போடா வெளியே என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அவனும் அதற்குத்தான் தயாராக உட்கார்ந்திருந்தான், கம்பிக் கட்டைக் கையில் எடுத்துவிட்டான்.

மேலே லாயத்தில் ஒரு குதிரை கனைத்தது. இவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவன் பக்கத்தில் அதே மண்மேட்டில் உட்கார்ந்தார். அவன் கையிலிருந்த கம்பிக் கட்டை வாங்கி அந்தப் பக்கம் வைத்தார்.

"அவ வேற என்னல்லாம் சொன்னா, மச்சான்?" என்று கேட்டார்.